மலை எங்கேயும் ஓடிவிடாது



சென்ற மாதம் வந்த கடிதங்களுள் ஒன்றை இன்னும் மேசையில் வைத்திருக்கிறேன். நாற்பத்தெட்டு வயதுச் சகோதரி ஒருவர் எழுதியது. நான்கு வருடங்களாக அவருக்குச் சீனி வருத்தம். ஒவ்வொரு முறை கிளினிக் போகும்போதும் டொக்டர், "நடக்கிறீர்களா?" என்று கேட்பாராம். இவரும் "ஓம் டொக்டர்" என்று தலையாட்டிவிட்டு வந்துவிடுவாராம். "பொய்தான் சொல்கிறேன், எனக்கே வெட்கமாக இருக்கிறது. ஆனால் எங்கே நடப்பது? யாரோடு நடப்பது? தனியாக நடந்தால் பார்ப்பவர்கள் என்ன சொல்வார்கள்? காலை முதல் இரவு வரை குசினிக்கும் கிணற்றடிக்கும் நடக்கிறேனே, அது போதாதா?" என்று கேட்டிருக்கிறார்.

சகோதரியே! உங்களைக் குறை சொல்லும் தகுதி எனக்கு இல்லை. அந்தப் பொய்யை நானும் சொன்னவள்தான். ஒரு தடவை இரண்டு தடவை அல்ல, முழுதாக இரண்டு வருடங்கள் சொன்னேன். ஆகவே அறிவுரை சொல்வதை விடுத்து, 2024 மார்ச் மாதத்தில் ஒரு காலைப்பொழுது நான் நடந்த கதையைச் சொல்கிறேன். அதற்கு முன்னால் என் ராத்தாவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

ராத்தா என்னைவிட ஏழு வயது மூத்தவர். எங்கள் ஊர் கிழக்குக் கரையோரம். மலை என்பது எங்களுக்கு வயற்பக்கம் நின்றால் மேற்கே தூரத்தில் நீலமாகத் தெரியும் ஒன்று, அவ்வளவுதான். சிறுமிகளாக இருந்தபோது வாப்பாவுக்குச் சோறு கொண்டுபோகும் வழியில் ராத்தா அதைக் காட்டி, "ஒருநாளைக்கு நாம ரெண்டு பேரும் அதுல ஏறிப் பார்க்கணும்" என்பார். பின்பு இருவருக்கும் கலியாணம் முடிந்தது. பிள்ளைகள் பிறந்தார்கள். மலை அங்கேயே இருந்தது, நாங்களும் இங்கேயே இருந்தோம்.

ராத்தாவுக்கு நாற்பத்தைந்து வயதில் சீனி வருத்தம் வந்தது. நடக்கச் சொன்னார்கள். அவரது வீட்டிலிருந்து கடற்கரை கூப்பிடு தூரம். ஆனால், "நோன்பு முடியட்டும்" என்றார். பிறகு, "மகன்ட சோதினை முடியட்டும்" என்றார். பிறகு, "மகள்ட கலியாணம் முடியட்டும்" என்றார். எல்லாம் ஒவ்வொன்றாக முடிந்தன. 2019இல் காலில் ஒரு சிறிய முள் குத்தியது. கால் மரத்துப் போயிருந்ததால் அது குத்தியதே ராத்தாவுக்குத் தெரியவில்லை. தெரிய வந்தபோது புண் எலும்பு வரை போயிருந்தது. முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். இரண்டு வருடங்கள் கழித்து ராத்தா மௌத்தானார்.

நடந்திருந்தால் ராத்தாவின் கால் தப்பியிருக்கும் என்று என்னால் அடித்துச் சொல்ல முடியாது. நோயின் போக்கு ஒருவரைப் போல் இன்னொருவருக்கு இருப்பதில்லை. ஆனால் இரண்டு காலும் இருந்த காலத்தில் கடற்கரை வரைகூட நடக்காதவர், ஒரு கால் போன பின்பு, "அந்த மண்ணுல ஒருக்கா கால் வெச்சா போதும்" என்று சொன்னதை நான் என் காதால் கேட்டேன். அந்தச் சொல்லைக் கேட்ட பின்பும் என் கிளினிக்கில் நான், "ஓம் டொக்டர், நடக்கிறேன்" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன். பழக்கம் என்பது அத்தனை வலுவானது!

அந்த வருடம் நோன்புக்கு ஒரு வாரம் இருக்கும்போது மருமகன் ஒரு வேன் பிடித்து எங்களை எல்லவுக்கு அழைத்துச் சென்றார். பொத்துவில், மொனராகலை வழியாக வெல்லவாய வந்து, அங்கிருந்து மலைப்பாதையில் ஏறினோம். வெல்லவாயவில் எரித்த வெயில், மேலே ஏற ஏறத் தணிந்தது. ஆயிரம் மீற்றர் ஏறினால் வெப்பம் ஆறு பாகைக்கு மேல் குறையும் என்று மருமகன் பேரப்பிள்ளைக்குச் சொல்லிக்கொண்டு வந்தார். எல்ல ஊர் கடல் மட்டத்திலிருந்து 1,041 மீற்றர் உயரத்தில் இருக்கிறது.

அங்கே ஒரு சிறு மலை உண்டு. வெள்ளைக்காரர்கள் அதற்கு 'லிட்டில் அடம்ஸ் பீக்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். சிங்களத்தில் 'புஞ்சி ஸ்ரீ பாத' என்பார்கள். நம் முன்னோர் 'பாவா ஆதம் மலை' என்று அழைத்தார்களே, அந்தப் பெரிய மலையின் சாயலில் இருப்பதால் வந்த பெயர். பெரியதன் உயரம் 2,243 மீற்றர், இந்தச் சின்னதன் உயரம் 1,141 மீற்றர். அதாவது எல்ல ஊரிலிருந்து மேலே ஏற வேண்டியது 100 மீற்றர்தான். நடை தூரம் சுமார் 2 கிலோமீற்றர். சின்னப் பிள்ளைகளும் ஏறுகிறார்கள்.

காலையில் நானும் மகளும் ஏறுவதாக ஏற்பாடு. விடிந்து பார்த்தால் பேரனுக்குக் காய்ச்சல். மகள் அவனை விட்டு வர முடியாது. என் கணவருக்கோ முழங்கால் வருத்தம். வழக்கம்போல என் வாய், "அப்ப நானும் போகல்ல" என்றது. முப்பது வருடங்களாக அந்த வாய் சொல்லிப் பழகிய சொல் அது.

அவர் என்னைச் சற்று நேரம் பார்த்தார். பிறகு, "உங்கட ராத்தாவும் இப்படித்தான் சொல்லிச் சொல்லி இருந்தா" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. என்னை ஓட்டோவில் பாதை தொடங்கும் இடம் வரை கூட்டிச் சென்றார். பக்கத்துத் தேநீர்க் கடையில் ஒரு கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார். "நான் இஞ்சதான் இருப்பன். போன் கையில இருக்கட்டும். நீ போய்ட்டு வா" என்றார்.

சகோதரிகளே, ஐம்பத்திரண்டு வயதில் நான் முதன்முதலாகத் தனியாக ஒரு பாதையில் நடந்தேன். கடைக்கு, ஆஸ்பத்திரிக்கு, மரண வீட்டுக்குத் தனியாகப் போயிருக்கிறேன். ஆனால் ஒரு வேலையும் இல்லாமல், எதையும் வாங்காமல், யாரையும் பார்க்கப் போகாமல் நடப்பது அதுவே முதல் தடவை. கையை எங்கே வைப்பது என்றுகூடத் தெரியவில்லை!

பசறை வீதியிலிருந்து பிரியும் அந்தப் பாதை தேயிலைத் தோட்டத்துக்குள் செல்கிறது. அன்று மேகமே இல்லை. மழைக்காலம் போய், அடுத்த மழை வருவதற்கு முந்திய இளவெயில் நாட்கள் அவை. முள்முருக்கு சிவக்கப் பூத்திருந்தது. குயில் ஒன்று விடாமல் கூவியது. கொழுந்துகளின் மேல் வெயில் பட்டு, மலைச்சரிவு முழுவதும் எண்ணெய் பூசியதுபோல் மினுமினுத்தது. இரு பக்கமும் உல்லாச விடுதிகள், கம்பியில் தொங்கிப் பறக்கும் விளையாட்டு, படமெடுக்கும் இளைஞர்கள் என்று கூட்டமும் இருந்தது. யாருமில்லாத காடு அல்ல அது. ஆனாலும் எல்லாரும் என்னையே பார்ப்பதாக எனக்குத் தோன்றியது. ஹபாயாவும் சப்பாத்துமாக ஒரு நடுத்தர வயதுப் பெண் தனியே போகிறாளே என்று.

எதிரே ஒரு சிங்கள மூதாட்டி பேத்தியின் கையைப் பிடித்துக்கொண்டு இறங்கி வந்தார். "தனியமத?" என்று கேட்டார். தனியாகவா என்று அர்த்தம். "ஒவ்" என்றேன். அவர் சிரித்து, என் தோளில் தட்டிவிட்டுப் போனார். அவ்வளவுதான். 'பார்ப்பவர்கள் என்ன சொல்வார்கள்' என்று இத்தனை வருடங்கள் பயந்தேனே, அன்று பார்த்தவர்கள் சொன்னது அந்த ஒரு சொல் மட்டுமே.

கால் மணி நேரத்தில் மூச்சு வாங்கியது. இதயம் காதுக்குள் அடித்தது. எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. 'உனக்கு ஏன் இந்த வேலை? விழுந்தால் யார் தூக்குவார்கள்?' என்று மனம் ஏசியது. திரும்பிவிடலாம் என்று நின்றேன்.

அந்த வளைவில் நான்கைந்து பெண்கள் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுள் என் வயது மதிக்கத்தக்க ஒருவர் நிமிர்ந்து பார்த்து, "மூச்சு வாங்குதாம்மா? நில்லுங்க. உக்காராதீங்க, உக்காந்தா எந்திரிக்க மனசு வராது. மெதுவா போங்க. மல எங்கயும் ஓடிடாது" என்றார்.

அவர் காலில் தேய்ந்த செருப்பு. முதுகில் நிறைந்த பை. காலை ஏழரைக்கு மலையேறி, பின்னேரம் வரை அந்தச் சரிவில்தான் நிற்பாராம். அப்போது தோட்டத் தொழிலாளரின் நாட்கூலி 1,000 ரூபா. 2021இல் நிர்ணயித்த தொகை அது. நாம் காலையில் வெந்நீர் ஊற்றிக் குடிக்கும் தேயிலை இந்தக் கால்களின் நடையில்தான் நம் குசினிக்கு வருகிறது. நடை எனக்கு வைத்தியர் சொன்ன மருந்து, அவருக்கோ வயிற்றுப்பாடு. அவரைப் பார்த்த பின்பு, 'எனக்கு நடக்க நேரமில்லை' என்று இன்னொரு முறை சொல்ல என் நா எழவில்லை.

அவர் சொன்னபடியே செய்தேன். ஐம்பது அடி நடப்பது, நிற்பது. மூச்சு அமைதியானதும் மீண்டும் ஐம்பது அடி. கடைசிப் பகுதி படிக்கட்டு. ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் வைத்து, குழந்தை ஏறுவதுபோல் ஏறினேன். இளைஞர்கள் என்னைத் தாண்டித் தாண்டி ஓடினார்கள். ஓடட்டும்!

உச்சியில் காற்று முந்தானையைப் பறிக்கப் பார்த்தது. எதிரே எல்ல மலைப்பாறை செங்குத்தாக நின்றது. இரண்டு மலைகளுக்கும் இடையில் பெரும் பள்ளம். அதன் அடியில், முந்திய நாள் நாங்கள் வேனில் வந்த வெல்லவாயப் பாதை ஒரு நூல்போலக் கிடந்தது. அதற்கப்பால் சமவெளி, வெண்புகை போட்டதுபோல் மங்கலாக விரிந்தது. கிழக்கே எந்தப் பக்கம் எங்கள் ஊர் இருக்கும் என்று தேடினேன். தெரியவில்லை. சிறு வயதில் வயல் வரம்பில் நின்று ராத்தாவும் நானும் இந்தப் பக்கம் பார்த்தோம். இன்று நான் மட்டும் இங்கிருந்து அந்தப் பக்கம் பார்க்கிறேன்.

பக்கத்தில் மானாப்புல் அடர்ந்த ஓர் ஓரத்தில் உட்கார்ந்தேன். பத்து நிமிடங்கள் இருக்கும். "உம்மா, என்ட புத்தகம் எங்க?" என்று யாரும் கேட்கவில்லை. அடுப்பில் எதுவும் தீயவில்லை. கதவை யாரும் தட்டவில்லை. அழுகை வந்தது, அழுதேன். ராத்தாவுக்காக துஆச் செய்தேன். அழுது முடிந்தபோது நெஞ்சில் பல வருடங்களாக இருந்த கனம் ஒன்று குறைந்திருந்தது. மலையேறியதால் எனக்கு ஒரு ஞானமும் பிறந்துவிடவில்லை. கால் வலித்தது, தாகமாக இருந்தது. ஆனால், 'இந்த உடம்பு என்னிடம் தரப்பட்ட ஒன்று. இதைப் பார்த்துக்கொள்வது வீட்டாருக்குச் சேர வேண்டிய நேரத்தைக் களவெடுப்பது அல்ல' என்பது மட்டும் தெளிவாகத் தெரிந்தது.

இறங்குவது சுலபம் என்று நினைத்தேன். முழங்கால்தான் அதற்கு விலை கொடுத்தது. பக்கவாட்டாகக் காலை வைத்து, மெல்ல மெல்ல இறங்கினேன். கொழுந்து பறித்த அந்தப் பெண்ணைத் தேடினேன். வேறு வரிசைக்குப் போய்விட்டிருந்தார்கள். தேநீர்க் கடையில் அவர் அதே கதிரையில் இருந்தார். மூன்றாவது பிளேன்டீயாம். "எப்படி?" என்றார். "ராத்தாவையும் கூட்டிட்டு வந்திருக்கலாம்" என்றேன். அவர் பேசாமல் எனக்கும் ஒரு பிளேன்டீ சொன்னார், சீனியில்லாமல்.

சரி சகோதரியே, இனி உங்கள் கேள்விகளுக்கு வருவோம்.

வீட்டு வேலை போதாதா என்று கேட்கிறீர்கள். வீட்டு வேலையும் உடம்புக்கு நல்லதுதான், அதை யாரும் மறுக்கவில்லை. ஆனால் குசினி நடை நாலடி வைத்து நிற்கும் நடை. நாடி சற்று வேகமாகி, உடம்பு இலேசாக வியர்க்கும் அளவுக்கு நடப்பது வேறு. அப்படி நடக்கும்போது தசைகள் இரத்தத்திலுள்ள சீனியை எடுத்துப் பயன்படுத்துகின்றன. வளர்ந்தவர்கள் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடங்கள் இவ்வாறு உடம்பை அசைக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டி சொல்கிறது. நாளுக்கு அரை மணி வீதம் ஐந்து நாட்கள் நடந்தால் 150 வந்துவிடும். அரை மணி ஒரேயடியாக முடியாவிட்டால், சாப்பாட்டுக்குப் பின் பத்துப் பத்து நிமிடங்களாக மூன்று தடவை நடவுங்கள். சாப்பாட்டுக்குப் பின் ஏறும் சீனியைக் குறைக்க அதுவும் உதவும்.

எவ்வளவு வேகம்? நடக்கும்போது பேச முடிய வேண்டும், ஆனால் பாட முடியாத அளவுக்கு மூச்சு வாங்க வேண்டும். பேசவே முடியவில்லை என்றால் வேகத்தைக் குறையுங்கள். நெஞ்சு இறுக்கம், இடது கை அல்லது தாடை வலி, குளிர்ந்த வியர்வை, தலைச்சுற்று, இவற்றில் எது வந்தாலும் உடனே நின்று உதவி கேளுங்கள். அதை மூச்சிரைப்பு என்று அலட்சியப்படுத்தக் கூடாது.

சீனி வருத்தத்துக்கு இன்சுலின் ஊசியோ சில வகைக் குளிசைகளோ எடுப்பவர்களுக்கு நடக்கும்போது சீனி திடீரென இறங்கிவிடலாம். நடுக்கமும் வியர்வையும் பசியும் அதன் அறிகுறிகள். ஆகவே கையில் இரண்டு டொஃபியோ கொஞ்சம் சீனியோ இருக்கட்டும். வெறும் வயிற்றில் நடக்கலாமா, குளிசையின் அளவு மாற வேண்டுமா என்பதை உங்கள் டொக்டரிடமே கேளுங்கள். அவரிடம் உண்மையைச் சொன்னால்தான் அவரும் உண்மையான பதிலைத் தருவார்.

செருப்போடு நடக்காதீர்கள். மூடிய சப்பாத்தும் பருத்திக் காலுறையும் அணியுங்கள். போடுமுன் சப்பாத்துக்குள் கையை விட்டுக் கல், முள் இருக்கிறதா என்று பாருங்கள். ஒவ்வொரு இரவும் இரு பாதங்களையும் விரலிடுக்கு உட்படப் பாருங்கள். குனிய முடியாவிட்டால் தரையில் ஒரு கண்ணாடியை வைத்துப் பாருங்கள், அல்லது மகளிடம் சொல்லுங்கள். என் ராத்தாவின் பாதத்தை அன்று யாராவது பார்த்திருந்தால்... சரி, அதை விடுவோம்.

எங்கே நடப்பது, யாரோடு நடப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். மலைக்குப் போக வேண்டியதில்லை. வீட்டு முற்றம், மொட்டை மாடி, கடற்கரை, வயல் வரம்பு, எதுவும் போதும். துணை கிடைத்தால் மிக நல்லது. ஆனால் துணைக்காகக் காத்திருந்து வருடங்களைக் கழித்துவிடாதீர்கள். ஆள் நடமாட்டமுள்ள பாதை, வெளிச்சமுள்ள நேரம், கையில் போன், எங்கே போகிறேன் எப்போது வருவேன் என்று வீட்டில் ஒரு சொல், ஒரு தண்ணீர்ப் போத்தல், இவை இருக்கட்டும். மலைநாட்டுப் பக்கம் போனால் காலையிலேயே ஏறி இறங்கிவிடுங்கள். அங்கே காற்று குளிர்ச்சியாக இருப்பதால் வெயில் சுடாததுபோல் இருக்கும், ஆனால் தோலைக் கருக்கிவிடும். பின்னேரங்களில் திடீரென இடியும் மழையும் வரலாம்.

நான் ஊருக்கு வந்த பின்பு என்ன செய்தேன் என்று கேட்பீர்கள். முதல் வாரம் தனியாகவே கடற்கரை வரை நடந்தேன். இரண்டாவது வாரம் பக்கத்து வீட்டு மச்சி, "நானும் வரட்டா?" என்றார். இப்போது நாங்கள் ஐந்து பேர். மழை நாட்களில் விடுபடுகிறது, விருந்தாளிகள் வந்தால் விடுபடுகிறது. விடுபட்ட மறுநாள் மீண்டும் தொடங்குகிறோம். கிளினிக்கில் டொக்டர் கேட்டபோது, "வாரத்தில் நாலு நாள் நடக்கிறேன், மூன்று நாள் நடப்பதில்லை" என்று சொன்னேன். அவர் நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார். பல வருடங்களுக்குப் பின் அந்த அறையில் நான் சொன்ன முதல் உண்மை அதுதான்!

சகோதரியே, நாளைக் காலை வீட்டு வேலைகள் உங்களுக்காகக் காத்திருக்கும். அவை எங்கேயும் போய்விடாது. நீங்கள் சப்பாத்தை மாட்டிக்கொண்டு படலையைத் திறந்து ஐம்பது அடி நடவுங்கள். மூச்சு வாங்கினால் நில்லுங்கள், உட்கார்ந்துவிடாதீர்கள். அடுத்த கிளினிக் முடிந்ததும் எனக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். டொக்டர் கேட்டபோது என்ன சொன்னீர்கள் என்பதை மட்டும் எழுதினால் போதும்.

அடுத்த இதழில் சந்திப்போம், இன்ஷா அல்லாஹ்.